பதினெட்டுக் கல்லறைகள், பதினேழு பெயர்கள்

நன்றாகப் பேசத் தெரிந்தவன் சோம்பேறியாக இருந்தால், அந்தச் சோம்பலை ஊரார் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். அவனே கண்டுபிடிக்க இன்னும் அதிக ஆண்டுகள் ஆகும். எனக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. அதுவும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு நவம்பர் மாத மாலையில், ஒரு கல்லறைத் தோட்டத்தில், ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அகப்பட்டேன்.

விதை சிறு வயதிலேயே விழுந்துவிட்டது. எங்கள் வீட்டில் தினமும் மாலை ஜெபமாலை உண்டு. ஒரு பகுதிக்குப் பத்து மணிகள், பத்து மன்றாட்டுகள். நான் முன்னின்று சொல்லும் நாள்களில் எட்டிலேயே முடித்துவிடுவேன். குரலை மட்டும் அப்படி உருக்கிவைப்பேன். கண்களை மூடியிருக்கும் யாருக்கும் எண்ணத் தோன்றாது. (மணிகளைக் கையில் வைத்திருந்த அம்மாகூட, தன் விரல்தான் தவறிவிட்டது என்று எண்ணிக்கொள்வார்.) எட்டைப் பத்து என்று நம்பவைத்த அந்தப் பயிற்சி கல்லூரிக்கு வந்தபோது பேச்சுத் திறமை என்று பெயர் பெற்றது. தயாரிப்பின்றி மேடையேறுவேன், கோப்பையுடன் இறங்குவேன். ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த தலையான பாவங்கள் ஏழில் சோம்பல் கடைசியாக வருகிறது. முன்னால் வர அதற்கே சோம்பலாக இருந்திருக்கும் என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அது என்னைப் பற்றியது என்று அப்போது தோன்றவில்லை.

இரண்டாம் ஆண்டுப் படிப்பின்போது, கல்லறைத் திருநாளுக்காகச் சேலத்திலிருந்து மலையேறி வந்திருந்தேன். எங்கள் பங்கின் கல்லறைத் தோட்டம், ஏற்காட்டிலிருந்து கரடியூர்ப் பக்கம் போகும் சாலைக்குக் கீழே, காப்பித் தோட்டத்தை ஒட்டிய சரிவில் இருக்கிறது. வசதியுள்ளவர்கள் பளிங்கில் பெயர் வெட்டிவைத்திருப்பார்கள். நடுவரிசையில் இருப்பவை எஸ்டேட் வேலைக்காரர்களின் சிமெண்ட் கல்லறைகள், மொத்தம் பதினெட்டு. ஆண்டுக்கொரு முறை சுண்ணாம்பு அடித்து, கறுப்புப் பெயிண்டில் பெயரைப் புதிதாக எழுதவேண்டும். அந்த வரிசை எனக்கு ஒதுக்கப்பட்டது. கூடவே இன்னொரு பொறுப்பும் வந்தது: திருநாளன்று கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளிக்கும் மந்திரிப்பு முடிந்ததும் நான் ஐந்து நிமிடம் பேசவேண்டும். பங்குத்தந்தை தந்த தலைப்பு, 'முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற பழக்கங்கள்'. உழைப்பையும் நேர்மையையும் அழுத்திச் சொல்லச் சொன்னார்.

சுண்ணாம்பு வாளியையும் அடிக்கும் மட்டையையும் எழுதும் பிரஷ்ஷையும் தந்தவர் உபதேசியார் ஆரோக்கியம். கோயில் வேலைகள் எல்லாம் அவர் கையில்தான். அவர் சொன்ன வேலைமுறை ஒரே வாக்கியம்.

"ஒண்ணுக்கு அடிச்சு, காஞ்சதும் அதும் பேரை எழுதீட்டு, அப்பறந்தான் கண்ணு அடுத்ததுக்குப் போகோணும்."

அந்த முறையின் குறைகளை அவருக்கு எடுத்துரைத்தேன். ஒன்று காயும்வரை காத்திருப்பது காலவிரயம். பதினெட்டுக்கும் முதலில் சுண்ணாம்பு. பிறகு பதினெட்டுக்கும் எழுத்து. பெயர்கள் மறைந்துபோகுமே என்றால், அதற்குத்தான் கைப்பேசி இருக்கிறது. வரிசை முழுவதையும் முன்கூட்டியே வீடியோ எடுத்துக்கொள்ளலாம். நான்கு காரணங்களும் இரண்டு உவமைகளும் சொன்னேன். உபதேசியார் சற்று நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "படிச்ச புள்ள, சரியாத்தான் இருக்கும்" என்று போய்விட்டார். விவாதத்தில் வென்றேன். என் வாழ்வில் நான் தோற்றிருக்கவேண்டிய விவாதம் அது.

திருநாளுக்கு முந்தைய நாள் காலை. ஒரு கையில் கைப்பேசியை நீட்டியபடி வரிசையில் நடந்தேன். நடக்கும் நேரம் வீணாகக் கூடாதென்று மறுநாள் உரையையும் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். (அத்தனை கட்டுப்பாடான அவையை நான் அதற்குமுன் கண்டதில்லை.) பிறகு சுண்ணாம்பு. மட்டையைத் தோய்த்து இழுத்ததும் ஒரு பெயர் மறையும். அடுத்த இழுப்பில் ஆண்டு மறையும். மதியத்துக்குள் பதினெட்டுப் பேரையும் மறைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது தோட்டத்தைக் காணவில்லை.

மலையில் பிறந்தவனுக்குப் பனிமூட்டம் புதிதில்லை. ஆனால் அன்று வந்தது வேறுமாதிரி இருந்தது. பள்ளத்திலிருந்து மெல்ல ஏறி, காப்பிச் செடிகளை மூடி, சில்வர் ஓக் மரங்களின் அடியை மட்டும் தின்றுவிட்டு, கிளைகளை அந்தரத்தில் விட்டுவைத்திருந்தது. வெள்ளையடித்த கல்லறைகள் வெள்ளைக்குள் கரைந்துபோயிருந்தன. இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால், முதல் கல்லறைகூடக் கைநீட்டித் தொட்டுப் பார்த்தால்தான் இருப்பது தெரிந்தது. எங்கும் சத்தமில்லை. இலைகளிலிருந்து சொட்டும் நீர்கூட விழும் ஓசையில்லாமல் விழுந்தது.

கைப்பேசியை எடுத்து வீடியோவை ஓட்டினேன். காலையிலும் லேசாக மூட்டம் இருந்தது. எனக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. லென்ஸுக்குத் தெரிந்திருக்கிறது. திரை முழுவதும் வெள்ளை. நான்கு நிமிடம் வெள்ளை. ஒரு பெயரில்லை, ஒரு சிலுவையில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து என் குரல் மட்டும், "உழைப்பே நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற உயில்" என்று முழங்கிக்கொண்டிருந்தது. முழக்கம் முடிந்து நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் ஒரு இருமல் கேட்டது.

அது என் இருமல் அல்ல. வறண்ட, நிதானமான, வயதான இருமல். காலையில் தோட்டத்தில் என்னைத் தவிர யாருமில்லை.

மறுபடியும் ஓட்டினேன். அதே வெள்ளை, அதே உயில், அதே இருமல். ஒலியைக் கூட்டிவைத்துக் காதருகே பிடித்தேன். அப்போது அந்த இருமல் இன்னொரு முறை கேட்டது. கைப்பேசியிலிருந்து அல்ல. எனக்கு எதிரே, கல்லறை வரிசைக்குள்ளிருந்து.

(அஞ்சாமையின் சிறப்புக் குறித்து நான் ஆற்றிய உரைக்குச் சேலத்தில் ஒரு கேடயம் தந்திருக்கிறார்கள். அது வீட்டு அலமாரியில் இருக்கிறது. நான் அப்போது கேட்டுக்கு வெளியே, சாலையில் இருந்தேன்.)

நேர்மையான ஒருவன் என்ன செய்திருப்பான்? உபதேசியாரிடம் போய், பெயர்கள் தொலைந்துவிட்டன, வந்து காட்டுங்கள் என்று கேட்டிருப்பான். அவருக்குப் பதினெட்டும் மனப்பாடம். ஆனால் நான்கு காரணங்களும் இரண்டு உவமைகளும் சொல்லி வென்ற விவாதம் அது. பங்கு அலுவலகத்துக்குப் போய், அடக்கப் பதிவேட்டில் நடுவரிசைக்குரிய பக்கத்தைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். பெயர்கள் கேட்டிலிருந்து சுவர்வரை வரிசையாகவே இருந்தன. எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணாமலிருப்பதில் எனக்குச் சிறு வயதிலிருந்தே பயிற்சி உண்டு.

முதல் கல்லறையிலிருந்து எழுதத் தொடங்கினேன். சுண்ணாம்பு காயவில்லை, பனியில் எப்படிக் காயும்? எழுதிய ஒவ்வொரு எழுத்தின் அடியிலிருந்தும் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு கீழே வழிந்தது. துடைத்தால் இன்னும் பரவியது. விட்டுவிட்டேன். ஐந்தாவது கல்லறையில் எழுதும்போது ஏதோ ஒன்று உறுத்தியது. மற்ற கல்லறைகளின் முன்னால் பழைய மெழுகு உருகி உறைந்த தடம் இருந்தது. இதன் முன்னால் இல்லை. உறுத்தல் நின்று யோசிக்கச் சொன்னது. இருமல் சீக்கிரம் முடிக்கச் சொன்னது. இருமலுக்குக் கீழ்ப்படிந்தேன்.

வரிசையின் கடைசியில், சுவரோரத்தில், தாளில் இருந்த பெயர்கள் தீர்ந்துவிட்டன. ஆனால் ஒரு கல்லறை மிச்சமிருந்தது.

வெள்ளையாக, ஈரமாக, பெயரில்லாமல், எனக்காகக் காத்திருப்பதுபோல் அது இருந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமை. எங்கோ ஒன்று பிசகிவிட்டது என்று அந்த நொடியில் எனக்குத் தெரியும். இதை மறைக்க விரும்பவில்லை: தெரியும். திரும்பிப்போய் எங்கே பிசகியது என்று பார்க்க ஒரு மணி நேரம் ஆகும். பேச்சாளனுக்கோ ஒரு வரி கிடைக்க ஒரு நிமிடம் போதும். பிரஷ்ஷைத் தோய்த்து, என் மிக அழகான கையெழுத்தில் எழுதினேன்:

'இறைவன் ஒருவரே இவரை அறிவார்.'

எழுதியபின் சற்று விலகி நின்று பார்த்தேன். உள்ளம் உருகியது. (என் வரிகளுக்கு முதலில் உருகுபவன் எப்போதும் நானே.)

மறுநாள் மாலை நான்கு மணிக்கு மந்திரிப்பு. பனி இன்னும் அடர்த்தியாக இருந்தது. கேட்டுக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன். வெள்ளைக் கல்லறைகள் வெள்ளைப் பனிக்குள் மறைந்துவிட, நான் எழுதிய கறுப்பு எழுத்துகள் மட்டும் தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. பதினேழு பெயர்கள், இடுப்பு உயரத்தில், வரிசையாக. ஒவ்வொன்றின் கீழும் கறுப்பு வழிந்து உறைந்திருந்தது. பெயர்களே அழுவதுபோல் இருந்தது. ஆள்கள் மெழுகுவர்த்தியோடு அந்தப் பெயர்களைத் தேடிப் போய், பெயருக்குக் கீழே மண்டியிட்டு, பனிக்குள் பாதி மறைந்தார்கள்.

வெளியூரிலிருந்து வந்தவர்கள் எழுத்தைப் பார்த்தே போனார்கள். எழுத்தைப் பார்க்காமல் போனவர் ஒருவர் இருந்தார். மாரமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வரும் ரோஸ்மேரி அக்கா, காப்பி பறிக்கும் வேலையில் இருப்பவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். கேட்டிலிருந்து கையால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே போய், ஒன்பதாவதில் உட்கார்வார். அது அவர் கணவர் அந்தோணிசாமியின் கல்லறை. ஏழு ஆண்டுகளாக அப்படித்தான்.

அன்று ஒன்பதாவதில் ஏற்கெனவே ஆள் இருந்தார். பெங்களூரிலிருந்து வந்த ஒரு மகன், மனைவி பிள்ளைகளோடு, செவ்வந்தி மாலை போட்டுச் சாம்பிராணி ஏற்றிக்கொண்டிருந்தார். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

"ஏனுங்க," என்றார் அக்கா தயங்கியபடி, "இது எங்கூட்டுக்காரருதுங்க."

அந்த மனிதர் மரியாதையாகவே எழுந்து, கல்லில் இருந்த பெயரைக் காட்டினார். தன் அம்மாவின் பெயர் என்று விரல் வைத்துப் படித்தும் சொன்னார். அக்காவின் கணவர் பெயரைக் கேட்டுக்கொண்டு, சுற்றிப் பார்த்து, இதற்கு முந்தின கல்லறையில் அந்தோணிசாமி என்று இருப்பதாகச் சொன்னார்.

அக்கா அந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு எட்டாவதைப் பார்த்தார். விரல்களை மடக்கி மறுபடியும் எண்ணினார். எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் எழுத்தில் இருக்கிறதே.

"எழுதியிருந்தாச் சரியாத்தானுங்க இருக்கும். நாந்தான் தப்பா எண்ணியிருக்கேன்" என்றார். சற்று நின்று, குரலைத் தாழ்த்தி, "மன்னிச்சுக்கோங்க சாமி. உங்கம்மாகிட்ட நான் ஏழு வருசமா நொம்பச் சண்டை போட்டிருக்கேன்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் எட்டாவது கல்லறைக்குப் போனார். உட்காரவில்லை. முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நிற்பவர்போல், மெழுகுவர்த்தியை ஏற்றாமல், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது என் காதுக்குப் பின்னால் அந்த இருமல் கேட்டது.

வறண்ட, நிதானமான, அதே இருமல். திரும்பினேன். ரைட்டர் இன்னாசி நின்றிருந்தார். எஸ்டேட்டில் நாற்பது வருடம் ஆள்கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். உயிரோடு இருப்பவர் என்பதை முதலில் உறுதி செய்துகொண்டேன். அவர் பார்வை ஐந்தாவது கல்லறையில் இருந்தது. அங்கே சேலத்துக் குடும்பம் ஒன்று கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.

"அது நான் எனக்குன்னு கட்டிவெச்சது கண்ணு," என்றார் அமைதியாக. "நானே இன்னும் குடி வரலை. அதுக்குள்ள வாடகைக்கு உட்டுட்டியா?"

கட்டிய வீட்டைத் தினமும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவது அவர் வழக்கமாம். முந்தின நாள் காலையும் மதியமும் சில்வர் ஓக் அடியில் வெற்றிலை போட்டுக்கொண்டு என் உரையை முழுவதும் கேட்டிருக்கிறார். ('உயில்னியே, அந்த எடம் நல்லாருந்துச்சு.') எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஐந்தாவது கல்லறை காலி. அதனால் பதிவேட்டில் இல்லை. காலையில் அதில் மறைக்கப் பெயரே இருக்கவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. அங்கிருந்து கடைசிவரை ஒவ்வொருவர் பெயரும் ஒரு கல்லறை முன்னால் வந்துவிட்டது. பதின்மூன்று குடும்பங்கள் அவரவர் பிரிவுத்துயரை அடுத்தவர் காலடியில் வைத்துக்கொண்டிருந்தன.

என் முகத்தைப் பார்த்து இன்னாசி இரக்கப்பட்டார். அதுதான் எனக்கு வந்த சோதனை.

"நமக்குள்ளயே இருக்கட்டும். வருசத்துக்கு ஒருக்கா வர்றவிங்க, ஆருக்குத் தெரியப்போவுது? எல்லாரும் போனப்பறம் அழிச்சுட்டு எழுதிப்போடு."

அது எவ்வளவு நியாயமாகப் பட்டது! எட்டை முடித்துவிட்டுப் பத்து என்பது. கண் மூடியிருப்பவர்கள் எண்ணமாட்டார்கள் என்பது. தலையை ஆட்டவும் ஆரம்பித்துவிட்டேன். ஆனால் பனிக்குள் அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தார். எண்ணத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். அவரைத்தான் நான் எண்ணத் தெரியாதவராக்கிவிட்டேன். இன்று அவர் இப்படியே பஸ் ஏறினால், ஏழு ஆண்டு பேசிய பேச்செல்லாம் யாரோ ஒருவரிடம் பேசியதாகிவிடும். அதை எந்தச் சுண்ணாம்பாலும் அழித்து எழுத முடியாது.

பங்குத்தந்தை என் பெயரைச் சொல்லி அழைத்தார். ஒலிபெருக்கி கைக்கு வந்தது.

"பேரன்பிற்குரிய பெரியோர்களே," என்று தொடங்கினேன். குரல் பனிக்குள் போய், எதிலும் படாமல், திரும்பி வந்தது. "உழைப்பே நம் முன்னோர்..." அதற்குமேல் வரவில்லை. வாழ்வில் முதன்முறையாக எனக்கு வார்த்தை வரவில்லை. முகங்கள் தெரியவில்லை, மெழுகுவர்த்திச் சுடர்கள் மட்டும் என் பக்கம் திரும்பின. தொங்கிக்கொண்டிருந்த பெயர்களும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

"சுருக்கமாச் சொல்லு கண்ணு, குளிருது" என்றார் உபதேசியார்.

சொன்னேன்.

"அஞ்சாவது கல்லறையிலிருந்து கடைசி வரைக்கும் எழுதியிருக்கிற பேர் எல்லாம் தப்பு. நான்தான் எழுதினேன். பார்க்காமல் எழுதினேன். தப்பு என்று தெரிந்தும் விட்டுவிட்டேன். ரோஸ்மேரி அக்கா, நீங்கள் சரியாகத்தான் எண்ணினீர்கள். அது உங்கள் வீட்டுக்காரர்தான்."

என் மேடை வாழ்விலேயே மிகச் சிறிய உரை. கைதட்டு இல்லை. ஒரு மெழுகுவர்த்தி அணைந்த சத்தம்கூடக் கேட்டது. பிறகு உபதேசியார் முன்னால் வந்து, ஐந்தாவதிலிருந்து சுவர்வரை ஒருமுறை பார்த்து, ஆள்களைப் பஸ்ஸில் நகர்த்தும் குரலில் சொன்னார்:

"சரிங்க. அஞ்சுல இருந்து எல்லாரும் ஒண்ணு தள்ளிப் போங்க."

அந்தக் காட்சி இன்னும் என் கனவில் வருகிறது. பதின்மூன்று குடும்பங்கள், மாலைகளைக் கழற்றி, மெழுகுவர்த்திகளைக் கையால் மறைத்து, சாம்பிராணிக் கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு, ஒரே நேரத்தில் ஓரடி ஓரடியாகப் பனிக்குள் நகர்ந்தன. சுடர்வரிசை முழுவதும் சுவரை நோக்கி ஒரு கல்லறை தள்ளிப்போய் நின்றது. பெங்களூர் மகன் போகும்போது அக்காவுக்கு இடம் விட்டு, தன் மாலையில் பாதியைப் பிரித்து ஒன்பதாவதிலேயே வைத்துவிட்டுப் போனார். பங்குத்தந்தை தீர்த்தச் செம்பை எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடியும் மந்திரிக்க ஆரம்பித்தார்.

வரிசையின் கடைசியில் ஒரு பெண் தனியாக நின்றிருந்தார். பதினேழாவதிலிருந்து பதினெட்டாவதற்கு நகர்ந்தவர். குனிந்து, மெழுகுவர்த்தியைக் கல்லருகே பிடித்து, எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அருகே போனபின்தான் தெரிந்தது, அது என் அம்மா.

பதினெட்டாவது கல்லறை என் தாத்தாவுடையது.

ஒவ்வோர் ஆண்டும் அம்மாவுடன் அங்கே போய், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். தாளில் கடைசிப் பெயராக அவர் பெயர் வந்தபோது, நம் தாத்தா என்று ஒரு கணம் பெருமைப்பட்டுக்கொண்டேதான் பதினேழாவதில் எழுதினேன். சுவரோரத்தில் இருப்பவர் என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனால் பனியில் சுவர் தெரியவில்லை, எழுதியது மகன், மகன் எழுதினால் சரியாக இருக்கும்.

அம்மா திட்டவில்லை. "எழுத்து நல்லாருக்குதுப்பா" என்று மட்டும் சொன்னார்.

ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த நாளே தொடங்கி, ஐந்திலிருந்து பதினான்கையும் அழித்து, உபதேசியார் முறையில், ஒன்றுக்கு அடித்து, காய்ந்ததும் எழுதி, பிறகே அடுத்ததற்குப் போய் முடித்தேன். நான்கு நாள் ஆயிற்று. அன்றிலிருந்து ஆண்டுதோறும் அந்த வரிசை எனக்கே. இன்னாசி ஓக் மரத்தடியில் நின்று, தன் வீட்டுக்கு மட்டும் இரண்டு கோட் சுண்ணாம்பு அடிக்கச் சொல்கிறார். வீட்டில் நான் காலை எட்டு மணிக்கு மேல் போர்வைக்குள் கிடந்தால், அம்மா கதவருகே வந்து நின்று, உருக்கமான மேடைக் குரலில், "இறைவன் ஒருவரே இவரை அறிவார்" என்பார். பெண் பார்க்கப் போன வீட்டில், பையன் எப்படி என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னார். ஜெபமாலையில் என் முறை வந்தால் தங்கை உரக்க எண்ணுகிறாள்.

ரோஸ்மேரி அக்கா இப்போதும் மாரமங்கலம் பஸ்ஸில் வருகிறார். தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே ஒன்பதாவது வரை போகிறார். ஆனால் அன்றைக்குப் பிறகு நேராக உட்கார்வதில்லை. நான் எங்கே நிற்கிறேன் என்று தேடி, எழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்கிறார்.

"சாமி, இது அவருதானுங்களே?"

நான் போய், தொட்டு, கேட்டிலிருந்து ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

"ஆமாங்க."

அதன்பிறகுதான் அவர் உட்கார்ந்து, அந்தோணிசாமியைத் திட்ட ஆரம்பிக்கிறார்.